தோமையாருக்கு இரண்டு கல்லறை

ஜூன் 9, 2025. திங்கள்

கடையில் கூட்டமே இல்லை. நாலு ஜெராக்ஸ், ஒரு காதுகுத்துப் பத்திரிகை. மதியம் அமலோற்பவம் டீச்சர் வந்து நாற்பது பக்கக் கையெழுத்துத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் கோவில் திருவிழாவுக்கு ஒரு சின்னப் புத்தகமாம். தலைப்பு, 'புனிதர்களின் கல்லறைகள்'. ஜூலை மூன்றுக்குள் அடித்துத் தர வேண்டும். டீச்சர் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. இவர்தான் பிள்ளைகளுக்குக் கையெழுத்துக்கு மார்க் போடுகிறவர்.

ஜூன் 12

பேதுரு ரோமில். யாக்கோபு ஸ்பெயினில். யோவான் துருக்கியில், எபேசு என்ற ஊரில். ஆனால் அவர் குழியைத் திறந்து பார்த்தபோது உள்ளே உடல் இல்லை என்று ஒரு மரபு உண்டாம். டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. குழியைப் போய்த் திறப்பார்களா?

தோட்டத்து மூலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. போர் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போனவர், கொரோனாவில் அங்கேயே போய்விட்டார். கொழுந்தன் மாதேஸ்வரன்தான் போய்ப் பெட்டியில் கொண்டுவந்தான். ஆணி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது, கிட்டப் போகக் கூடாது என்றார்கள். ஜேசிபி வைத்துப் பத்தடி தோண்டி இறக்கினோம். நாலு வருடமாக வெள்ளி தவறாமல் விளக்கு வைக்கிறேன். முகத்தைத்தான் பார்க்கவில்லை.

ஜூன் 14

தோமையாருக்கு மட்டும் டீச்சர் இரண்டு இடம் எழுதியிருந்தார். மயிலாப்பூர் ஒன்று, இத்தாலியில் ஓர்த்தோனா ஒன்று. ஓர் ஆளுக்கு எப்படி இரண்டு குழி? தவறு என்று நினைத்து இத்தாலியை நானே எடுத்துவிட்டேன். பிழை பார்க்க வந்த டீச்சர் சிரித்தார்.

"தப்பில்ல தனம். எலும்பை எந்தக் காலத்துலயோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. மயிலாப்பூர்ல ஒரு சின்னத் துண்டு இருக்கு. மத்தபடி குழியும் மண்ணுந்தான்."

"அப்ப வெறுங்குழியவா கும்புடறீங்க?"

"அவரு கிடந்த மண்ணாச்சே."

பேப்பர் கட்டு இறக்க வந்த மாதேஸ்வரன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் வேண்டுமா என்று திரும்பினேன். கட்டை அப்படியே வாசலில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்ன ஆயிற்று இவனுக்கு?

ஜூன் 15

சொல்லிவிட்டான். இன்றைக்கு எழுத முடியாது.

ஜூன் 16

கடை திறக்கவில்லை.

பெட்டியில் அவர் இல்லை.

இல்லை. நாலு வருசம் நான் விளக்கு வெச்சது எதுக்கு? யாருக்கு?

நேற்று மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு சொன்னான். "நான் போய்ச் சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே பொதைச்சுட்டாங்க அண்ணி. அந்த ஊர்ச் சுடுகாட்டுல எடம் தரல. சர்ச்காரங்க அவங்க கல்லறைத் தோட்டத்துல எடம் குடுத்தாங்க. தோண்டி எடுக்க உடமாட்டேன்னுட்டாங்க. அம்மா போன் போட்டு, 'எம்பையன் இல்லாம ஊட்டுக்கு வந்துராத'ன்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் மெத்தை, துணிமணி, கனத்துக்காக அந்தக் குழிமேட்டிலிருந்தே இரண்டு மூட்டை மண். இவ்வளவுதான் பெட்டியில். கிட்டப் போகாதே என்றதையும் கேட்காமல் அதன் மேல் விழுந்து அழுதேன். அத்தை மண்டையை மோதிக்கொண்டார்கள். இவன் பக்கத்தில் நின்று எங்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாவி. எப்படி மனசு வந்துச்சு உனக்கு?

என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 20. வெள்ளி

விளக்கு வைக்கப் போகவில்லை. தலைவலி என்றேன். அத்தை தானே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவம் பக்கத்துலயே போட்டுருங்க சாமி." எந்த அவன் பக்கத்தில்? சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன்.

ஜூன் 25. அமாவாசை

மாதேஸ்வரன் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். வரிசையாக மரச் சிலுவைகள். ஒன்றில் இந்தியில் பெயர். எனக்கு இந்தி தெரியாது. 'சந்தோஷ்குமார்' என்று தமிழில் கீழே எழுதி அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் அங்கேதான் இருக்கிறார். பாஷை தெரியாத ஊரில், தனியாக. இதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? தெரியாமலே இருந்திருக்கலாமே.

ஜூலை 2

புத்தகம் முடிந்தது. இத்தாலியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஜூலை 24. ஆடி அமாவாசை

படையல் போட அத்தை தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். தனியாக விட முடியாது, நானும் போனேன். மாதேஸ்வரன் முன்னமே வந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இலை போட்டு முடித்ததும் அத்தை அவனைக் கூப்பிட்டார்கள். "ஏஞ்சாமி, நாலு வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடக்குது. அன்னைக்கு இருந்த அவசரத்துல தெக்கால தலை வெச்சுத்தான் எறக்குனீங்களா? பெட்டியில எந்தப் பக்கம் தலைன்னு உனக்குத்தான தெரியும்?"

அவன் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதோ சொல்லப்போகிறான் என்று தெரிந்தது.

"தெக்கால தானுங்க அத்தை," என்றேன். "தலைப் பக்கம் சாக்பீஸ்ல கோடு போட்டிருந்துச்சு. நான் பாத்தேன்."

எங்கிருந்து வந்தது அந்தச் சாக்பீஸ்? யோசிக்கவே இல்லை.

அத்தை பெருமூச்சு விட்டார்கள். குழிமேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் தனக்கு ஆறடி காலால் அளந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாதேஸ்வரனைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன்.