வின்ச் கயிற்று முனையில் பூசிய மஞ்சள் பெயிண்ட்

அனுப்புநர்:
மீட்பு லாரி ஓட்டுநரின் அக்கா,
கல்லூரிப் புள்ளியியல் விரிவுரையாளர்,
சாக்கடையை ஒட்டிய கடைசி வீடு.

பெறுநர்:
வாகனத் தகுதி ஆய்வு அலுவலர் அவர்கள்,
வாகன ஆய்வு அலுவலகம்.

பொருள்: மீட்பு லாரியின் வின்ச் கம்பிக்கயிறு கொக்கியிலிருந்து உருவிக்கொண்டது – அதே தவறோடு மீண்டும் பூட்டப்பட்டிருப்பது – திங்கட்கிழமைக்கு முன் லாரியை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை இழுத்து மீட்கும் லாரியை என் தம்பி ஓட்டுகிறான். இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டருகே சாக்கடைக்குள் இறங்கிவிட்ட ஒரு வேனை எடுக்க வந்தான். அவனுக்குத் தேநீர் கொண்டு சென்றேன். கயிறு விறைத்தது. புடவையை உதறுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கொக்கி வேனிலேயே இருந்தது. கயிறு மட்டும் திரும்பி வந்து, லாரியின் பக்கத்தில் நின்று, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சை இயக்கிக்கொண்டிருந்த தம்பியின் இடது முன்கையை முறித்தது. என் கையிலிருந்த தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் அவனை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2. கயிறு அறுந்ததாக எல்லோரும் சொன்னார்கள். சொல்வதை அப்படியே ஏற்கும் பழக்கம் எனக்கில்லை, போய்ப் பார்த்தேன். அறுந்த நுனி சிலும்பியிருக்கும். இது வெட்டி வைத்தது போல முழுதாக இருந்தது. கயிற்றைக் கொக்கிக்குள் நுழைத்து மடித்து, மூன்று கிளாம்புகளால் இறுக்கியிருந்தார்கள். கிளாம்பின் வளைந்த போல்ட் கயிற்றை நசுக்கும். அடியிலுள்ள இரும்புக் கட்டை நசுக்காமல் தாங்கும். ஆகவே பாரம் இழுக்கும் நீளக் கயிற்றின் மேல் கட்டையும், மடித்துவிட்ட குட்டை நுனியின் மேல் போல்ட்டும் அமர வேண்டும், மூன்றிலும் ஒரே மாதிரி. லாரிப் பட்டறையில் ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியுமாகப் பூட்டியிருந்தார்கள். முதல் இழுப்பில் கயிறு சற்று ஒடுங்குவதால் நட்டுகளை மறுபடி இறுக்கவும் வேண்டும். நட்டுகளின் மேலிருந்த மஞ்சள் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டிய பிறகு ஸ்பானர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

3. "ஒண்ணு மேல ஒண்ணு கீழ போட்டாத்தான் டீச்சர் ரெண்டு பக்கமும் சமமாப் பிடிக்கும். பார்க்கவும் லட்சணமா இருக்கும்" என்றார் லாரிக்கும் சொந்தக்காரரான பட்டறை உரிமையாளர். சரியான முறை, கிளாம்ப் வரும் அட்டைப்பெட்டியின் மூடியிலேயே படமாக இருக்கிறது. அந்தப் பெட்டியில் டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காட்டினேன். "அட ஆமா! மாத்திடுறோம் டீச்சர்" என்றார். நம்பினேன். என் சுபாவத்துக்கு அது அதிகம்.

4. நேற்று தம்பியின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். இவ்வளவு நாள் கயிறில்லாமல் நின்ற அதே லாரி. புதுக் கயிறு, மூன்று கிளாம்புகள், ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மேலே ஈரம் காயாத மஞ்சள் பெயிண்ட். "பளிச்சுன்னு இருந்தா ஆபீசர் எதுக்குக் குனிஞ்சு பார்க்கப் போறாரு?" என்று மெக்கானிக் சிரித்தார். விபத்து நடந்த அன்றும் தங்கள் அலுவலகத்தின் தகுதிச் சான்று லாரியின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. பார்த்தவருக்குப் பெயிண்ட் தெரிந்திருக்கிறது.

5. "கயிறு எனக்குக் கை கொடுக்க வந்துச்சுக்கா, நான்தான் சரியாப் பிடிக்கல" என்று மருத்துவமனையில் சிரித்தவன், நேற்று நான் கண்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "நான் போகலைன்னா வேற ஒருத்தனை நிறுத்துவாங்க. அவனுக்கு விஷயமே தெரியாதுல்ல" என்றான். கை கூடிவிட்டது, திங்கட்கிழமை அதே லாரிக்கு வேலைக்குத் திரும்புகிறான். என்னால் தடுக்க முடியவில்லை, தங்களால் முடியும்.

6. எனவே, அந்த லாரி பட்டறையை விட்டு வெளியேறுமுன் அதை நிறுத்திவைத்து, கிளாம்புகளைக் கழற்றிச் சரியாகப் பூட்டி, பாரம் கொடுத்துச் சோதித்த பின்னரே அனுமதிக்க வேண்டுகிறேன். வின்ச் உள்ள எந்த வண்டிக்கும் கயிற்று முனையைக் குனிந்து பார்க்காமல் சான்று தர வேண்டாம். பெயிண்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். பதில் கிடைக்கும் வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை, அலுவலகம் திறந்தவுடன்

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓட்டுநரின் அக்கா

இணைப்பு: கிளாம்ப் பெட்டியின் மூடி. டீக்கறையைப் பொருட்படுத்த வேண்டாம். படம் தெளிவாகவே இருக்கிறது.