கோவிலூரில் நான் சொல்லாமல் விட்டது

என் தங்கை செலினுக்கு, நீ இருக்கும் இடத்தில் வேலை கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணன் எழுதுவது.

நீ போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் கம்ப்யூட்டர் சுகமாக இல்லை. நீ தட்டினால் எழுந்துகொள்ளும், நான் தட்டினால் முறைக்கிறது. வைகாசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "செலின் எங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்களை உட்காரச் சொல்லிவிடுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் என் அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் டைப் அடித்தாய், பத்திரிகை வடிவமைத்தாய், பிழை திருத்தினாய், என் கோபத்தையும் பொறுத்துக்கொண்டாய். நான் முதலாளி, நீ சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். ஊர் அப்படித்தான் சொல்லும். யார் யாரை வைத்துப் பிழைத்தோம் என்பது எனக்குத் தெரியும்.

இதை உன் கல்லறையில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் கேட்டிருக்காது. அதற்காகத்தான் அங்கே சொல்லாமல் இங்கே அச்சில் சொல்கிறேன். நீ என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாய். பதினோரு வருஷமாகச் செய்யாமல் இழுத்தடித்துவிட்டேன்.

நாச்சியப்பன் மகள் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். உனக்கு மறக்காது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாச்சியப்பனும் அவருடைய அண்ணன் வள்ளியப்பனும் பூர்வீக வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்பதில் முட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, அப்போதுதான் ராசியாகியிருந்தார்கள். பத்திரிகையில் அண்ணன் பேரைப் பெயர் வரிசையிலேயே போட்டிருந்தாய். நாச்சியப்பனுக்கு அது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாம் பார்க்கக் கொடுத்த மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் பேருக்குக் கோடு போட்டு, "இதைத் தலைப்பில் போடவும்" என்று தன் கையால் எழுதியிருந்தார்.

நீ பூசைக்குப் போயிருந்தாய். நான்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வரிசையிலிருந்து அண்ணன் பேரை வெட்டி எடுத்தேன். தலைப்பில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் போன் வந்தது. மண்டபத்து முகவரியை மாற்றச் சொன்னார்கள். புது முகவரியை எடுத்து ஒட்டினேன். வெட்டி வைத்திருந்த பேர் போன இடம் தெரியவில்லை, அப்படி ஒன்று இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கல்யாண அலைச்சலில் இருந்த மனுஷர், "சரி, அடிங்க" என்று பதில் போட்டார். ஆயிரம் பத்திரிகை அடித்தாயிற்று.

முதல் பத்திரிகையை அண்ணனுக்குத்தான் கொண்டுபோனார். கோவிலூரில் அவர் வீட்டில் தட்டோடு நீட்டியிருக்கிறார். பெரியவர் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார், தட்டிலேயே திரும்ப வைத்தார், எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நாச்சியப்பன் நம் அச்சகத்தில் வந்து நின்றபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான் எழுதிக் குடுத்தேனா இல்லையா, சேது? எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன்? "நீங்க ஓகே சொன்னதைத்தானே அடிச்சோம்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிட மோசமான வார்த்தையை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

அவர் போனதும் நீ ஃபைலைப் புரட்டினாய். அந்தத் தாளை எடுத்து என் மேஜையில் வைத்தாய்.

"அண்ணே, இது நம்ம விட்டது."

"கஸ்டமர் ஓகே குடுத்தாச்சு. நம்ம மேல ஒண்ணும் இல்லை. பேசாம வேலையப் பாரு."

"ஓகேயை விடுங்கண்ணே. தம்பி வேணும்னே தன் பேரை எடுத்துட்டான்னு அந்தப் பெரியவரு நெனைச்சுக்கிட்டு இருக்காக. அது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்ச ரெண்டு பேரும் இங்குட்டு உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். இந்தச் சின்ன ஊரில் பேரை விடுகிற அச்சகம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த முகூர்த்தத்துக்கு மிஷினுக்குத் துணி போர்த்தி வைக்க வேண்டியதுதான் என்ற பயம் எனக்கு. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பெண்ணைப் பெற்றவரோ, தன் அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பச்சி, வந்து நிற்காமல் மகள் கழுத்தில் எப்படித் தாலி ஏறும் என்று அழாத குறையாக இருந்தார்.

"நீங்க வாரீகளா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கேட்டாய்.

வந்தேன். நியாயம் புரிந்து வரவில்லை, செலின். நீ தனியாகப் போய் என் பேரைச் சொல்லிவிடுவாயோ என்று வந்தேன்.

கோவிலூரில் பெரியவர் நம்மை உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது வேறு. வாயில் வந்தது வேறு. "எங்க டைப்பிஸ்ட் பொண்ணு கைத்தவறா உங்க பேரை விட்டுருச்சுங்க" என்றேன்.

நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான். எழுந்து, அந்தத் தாளைப் பெரியவர் கையில் கொடுத்தாய். "உங்க தம்பி கையெழுத்து பாருங்கய்யா. உங்க பேரை மேல ஏத்திப் போடச் சொல்லியிருக்காக. தப்பு அச்சகத்துல நடந்தது. அவுக மேல வருத்தப்படாதீக."

அவர் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்து, தம்பிக்குப் போன் போடச் சொன்னார். போன் வருவதற்குள் உன்னைப் பார்த்து, "என் பேரைத் தின்ன புள்ள நீதானா?" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, "ஏன் நீ மறுத்துப் பேசலை?" என்று கேட்டேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"அங்குட்டு வச்சு நான் மறுத்திருந்தா அவுக நம்ம சண்டையத்தான் பாத்திருப்பாக. அவுகளுக்கு வேண்டிய உண்மை, தம்பி விடலைங்குறது. அது கெடைச்சிருச்சு. மிச்சம் உங்ககிட்ட இருக்கு. அதை நான் சொன்னா நல்லா இருக்காது, நீங்கதான் சொல்லணும். சொல்லுவீகண்ணே."

சொல்வேன் என்று நீ நம்பியதுதான் இன்றைக்கு வரை என்னைக் குடைகிறது. நம்பாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"பேரைத் தின்ன புள்ள" என்கிற அந்தப் பட்டம் ஊரில் ஒட்டிக்கொண்டது. எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் பெரியவர் பாசமாக அப்படித்தான் கூப்பிட்டார். நீயும் சிரித்துக்கொண்டு நின்றாய். பாசம் இல்லாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். உன் பங்குக் கோயில் வெள்ளிவிழா மலரை வேறு அச்சகத்துக்குக் கொடுத்தார்கள். "செலின் யார் பேரையாவது விட்டுரும்" என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்களாம். உன் அப்பா பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்து உபதேசியாராக இருந்த கோயில். அன்றைக்குச் சாயங்காலம் நீ வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனாய். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாதவன் மாதிரி செய்தித்தாள் படித்தேன்.

நீ ஒரு நாளாவது குத்திக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சரிக்குச் சரி என்று இருந்திருப்பேன். நீ செய்யவில்லை. அதற்குப் பதிலாக அச்சகத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். வாட்ஸ்அப்பில் ஓகே வந்தால் போதாது. வீட்டு ஆள் இரண்டு பேர் நேரில் வர வேண்டும். ஒவ்வொரு பேராக நீ சத்தமாக வாசிப்பாய். கடைசியில் அவர்கள் முகத்தைப் பார்த்து, "யாரும் விட்டுப்போச்சா?" என்று கேட்பாய். அதற்குப் பிறகுதான் மிஷின் ஓடும்.

முதலில் நான் முணுமுணுத்தேன். நேரம் வீண், வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள் என்றேன். அப்புறம்தான் ஒரு நாள், நீ வாசித்து முடித்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "எங்க அத்தை ஒருத்தி... மாமா இல்லாதவுக, அதான் போடலை" என்று இழுத்தார். நீ வாதாடவில்லை. "அப்ப விட்டுப்போகலை, நீங்களா விட்டீக" என்றாய், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய். அந்த மனுஷர் மின்விசிறியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு அத்தை பேரைச் சொன்னார். கல்யாணம் முடிந்து அந்த அம்மா நம் கடை தேடி வந்து, வாங்கி வந்த முறுக்குப் பொட்டலத்தை உன் மடியில் வைத்துவிட்டுப் போனார்களே, அன்றைக்கு நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தூசி என்று சொன்னேன். தூசி இல்லை.

தேவகோட்டை, குன்றக்குடி, திருப்பத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ நம்மிடம் வந்தது அந்த வாசிப்புக்காகத்தான். நான் இன்றைக்குச் சாப்பிடுகிற சோற்றில் உன் குரல் இருக்கிறது. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? நன்றி சொல்ல ஆரம்பித்தால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான், வேறென்ன?

இப்போது நடந்ததைக் கேள். உன் முப்பதாம் நாள் பூசைக்கு வள்ளியப்பன் ஐயா கோவிலூரிலிருந்து வந்தார். எண்பது தாண்டிவிட்டது, கைத்தடியோடு வந்தார். மதுரையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த உன் மகள் ரோஸியின் தலையைத் தடவி, "உங்க அம்மா மாதிரி வேலைக்காரி இந்த ஊருல இல்லை. என் பேரை ஒரு தடவை விட்டுருச்சு, அது ஒண்ணுதான் தப்பு" என்றார்.

அவர் போனதும் ரோஸி என்னிடம் வந்தாள். "அம்மாவா விட்டாங்க மாமா? எங்ககிட்ட சொன்னதே இல்லையே?"

நீயே சொல். அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்குமா? கோயில் வாசல், உன் மகள், நேரான கேள்வி. நான், "அது சின்ன விஷயம்மா, விடு" என்று மழுப்பினேன். நீ செத்த பிறகும் உன்மேல் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கோவிலூருக்குப் போனேன். அதே கூடம், அதே மோர். இந்த முறை ஒத்திகை ஒன்றும் பார்க்கவில்லை. "ஐயா, அன்னைக்கு உங்க பேரை விட்டது செலின் இல்லை, நான்" என்றேன்.

பெரியவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பதினோரு வருசம் அந்தப் புள்ளைய நான் அப்படிக் கூப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே நின்னுச்சேய்யா. என் வாயால ஒரு பொய்ய ஊரெல்லாம் சொல்ல வச்சிட்டியே, சேது" என்றார். பிறகு, "என்கிட்ட சொன்னா ஆச்சா? அந்தப் பொண்ணுக்குச் சொன்னியா? ஊருக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

அங்கிருந்தே ரோஸிக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்காமல், வெள்ளிவிழா மலர் வரைக்கும் சொன்னேன். முடிந்ததும், "இதை அச்சுல போடுங்க சார். அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

சார். பிறந்ததிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. வலித்தது. ஆனாலும், செலின், அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. சுற்றி வளைக்காமல் என் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிற அந்தப் பேச்சு உன்னுடையது. உன்னை முழுசாகப் புதைக்கவில்லை நாங்கள். மறுபடி அவள் மாமா என்று கூப்பிடுவாளா? தெரியவில்லை. கேட்டு வாங்குகிற விஷயம் இல்லையே அது.

அதனால்தான் இந்தக் கடிதம். நம் மிஷினில் நானே அடிக்கிறேன். உன் பங்குக் கோயில் வாசலில் நானே நின்று கொடுக்கிறேன். நாச்சியப்பன் வீட்டுக்கும் நானே கொண்டுபோகிறேன்.

பதினோரு வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்காமல், அதே சமயம் என்னைத் தப்பவும் விடாமல் பக்கத்திலேயே இருந்தாயே, அதற்கு நன்றி. என்னைப் பற்றி நானே நம்பாத ஒன்றை நீ நம்பினாய், அதற்கு அதைவிட நன்றி.

உனக்கு ஒரு வாக்கு. இனிமேல் யார் எங்கே அந்தக் கதையை எடுத்தாலும், கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருந்தாலும், எழுந்து நின்று, "செலின் இல்லை, நான்" என்பேன். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

நான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே நீ சூட்டிவிட்ட உறவை, இன்றைக்குத்தான் என் கையால் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
சேதுராமன்
காரைக்குடி