நாலு மாடிக் கடையும் கையகலக் கடையும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறை சுத்தமாக இருக்கிறது. என் பொறுப்பில் விட்ட இந்தப் புதுக் கிளைக் கடைதான் பயமுறுத்துகிறது.

நம் பெரிய கடையில் படிக்கட்டு திரும்புகிற இடம் இருக்குமே, அவ்வளவுதான் மொத்தக் கடையும். ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் முடி வெட்டும் கடை. நாலு மாடிச் சரக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி அனுப்பியிருக்கிறார்கள்: வாணலி, சூட்கேஸ், சென்ட், சட்டை. சட்டை பிடித்தால் அளவு இல்லை. அளவு இருந்தால் நிறம் இல்லை. வருகிறவர்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்கிறார்கள். பெரிய கடையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றால், "அதுக்கு நான் வீட்டிலேயே உட்கார்ந்து போன்ல வாங்கிக்க மாட்டேனா?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வட்டார மேலாளர் வந்தார். நாம் 'தராசு' என்போமே, அவரேதான். "கோடைக்குள்ள வியாபாரம் சூடு பிடிக்கலைன்னா இழுத்து மூடிடுவோம்மா. உங்க அக்கா சொன்னாங்கன்னுதான் உங்களைப் பொறுப்புல போட்டேன்" என்றார். உன் பெயரையும் கெடுத்துவிடுவேனோ என்று இருக்கிறது. எனக்குக் கீழே இரண்டு பெண்கள். ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள்.

உன்
சில்லுவண்டு

ஜனவரி 27

என் செல்லச் சில்லுவண்டுக்கு,

அங்கே போயும் உன் ரீங்காரம் ஓயவில்லையா?

மருந்துக் கடை இருந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கும். ஆஸ்பத்திரி இருந்தால் பொழுதெல்லாம் நின்று வேலை செய்கிற பெண்கள் இருப்பார்கள். வாணலியையும் சூட்கேஸையும் திருப்பி அனுப்பு. 'என்ன வேணும்' என்று கேட்காதே, 'எது கிடைக்காம அலையறீங்க' என்று கேள். சின்னக் கடைக்குள் பெரிய கடையை மடித்து வைக்க முடியாதடி.

இங்கே நாலாம் மாடியை மூடிவிட்டார்கள். லிஃப்ட் மூன்றோடு நின்றுவிடுகிறது. துணி மாட்டுகிற பொம்மைகளையெல்லாம் மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், யாரோ கூட்டமாகக் காத்திருப்பது போல் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. "தற்காலிகம்தான்" என்கிறார்கள். யாரும் நம்பவில்லை.

நீ பயப்படாதே. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பயந்துகொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய் முகூர்த்தம் பலித்தது. நர்சுகள் சத்தம் போடாத செருப்பும், பாக்கெட் வைத்த பேன்ட்டும், துவைத்துத் துவைத்தும் நைந்துபோகாத உள்ளாடையும் கேட்டார்கள். மற்றதையெல்லாம் ஏறக்கட்டிவிட்டு அவற்றை மட்டும் எல்லா அளவிலும் வைத்தேன். இப்போது வேலை முடிந்து கூட்டமாக வருகிறார்கள்.

சந்தோஷமாக முடிக்க வேண்டிய கடிதம். முடியவில்லை. நேற்று தராசு, தலைமை அலுவலகத்துப் பெரியவர்களை அழைத்து வந்தார். நான் ட்ரையல் ரூம் திரையை மாட்டிக்கொண்டிருந்தது தெரியாமல் ஒருவர் சொன்னார்: "இது ஓடுதுன்னா அந்த யானையை எதுக்குக் கட்டித் தீனி போடணும்? வித்துடலாமே." யானை என்றது உங்கள் கடையைத்தான் அக்கா.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓடுகிறது என்றால் நீ போவாய். ஓடவில்லை என்றால் இந்தப் பெண்கள் போவார்கள். நான் என்ன செய்யட்டும்?

சில்லுவண்டு

மார்ச் 25

சில்லுவண்டு,

எழுதி எழுதிக் கிழித்தேன். கேட்டுவிடுகிறேன்.

ஒரு தடவை மட்டும் தள்ளிப்போடு. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும், இப்பவே சொல்ல முடியாது" என்று சொல். அது பொய் இல்லையே. உன் அத்தான் வேலை இல்லாமல் வீட்டோடு இருப்பது உனக்குத் தெரியும். என் வயதில் என்னை எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? மேலிடத்து ஆள் யாராவது சிரித்துப் பேசினாலே, வேலைக்கு உலை வைக்கத்தானோ என்று தோன்றுகிறது.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். கேட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

நீ சொன்னதைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் காலையில் கிளம்பும்போது அந்தப் பெண், "மேடம், பிரசவத்துக்கு அப்புறமும் கடை இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டாள்.

அங்கே பெரியவர் ஒருவர் சுற்றி வளைக்கவில்லை. "ஓடுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். "ஓடுது சார்" என்றேன். பெரிய கடையின் பழைய ஆட்களுக்கு, இனித் திறக்கப்போகும் புதுக் கிளைகளில் முதலிடம் தர வேண்டும் என்றும் கெஞ்சினேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று தெரியவில்லை.

நீ போனை எடுக்கவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

சில்லுவண்டு

ஜூன் 2

உன் கடிதமும், அதற்குப் பின் வந்த இரண்டும் கிடைத்தன.

இங்கே பெரிய கடையை மூடிவிட்டார்கள். உன்னைத் திட்டத்தான் பல நாள் காகிதம் எடுத்தேன். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பது தெரிந்ததால் எழுத்து ஓடவில்லை. அது தெரிந்தும் கோபம் மட்டும் போகவில்லை.

புதுக் கிளைப் பொறுப்புகளெல்லாம் இளசுகளுக்குப் போய்விட்டன. எனக்குத் தந்தது உன் கடையில், அந்தப் பெண் பிரசவத்துக்குப் போகிற இடத்தில், விற்பனையாளர் வேலை. அவள் திரும்பி வரும்வரைதான். சரி என்றுவிட்டேன். திங்கட்கிழமை வருகிறேன்.

கடைக்குள் உன்னை 'மேடம்' என்று கூப்பிடுவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஷட்டரை இறக்கிய பிறகு உன்னை எப்படிக் கூப்பிடப் போகிறேன் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அக்கா