சாகோர்யேயை நீங்கள் பார்த்தீர்கள், அண்ணை

1987 ஆகஸ்ட் 9, ஞாயிறு, பின்னேரம் நாலு பத்து. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இறக்கை இரண்டு தரம் அடிக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன், அண்ணை.

நீங்கள் சாகோர்யேயில் இருந்து கொண்டுவந்த மரக்குருவிதான், உருட்டினால் இறக்கையடிக்கும் பொம்மை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் மனைவி லெ பிளாங்-மெனிலில் இருந்து கொண்டுவந்து தந்தார். இங்கே பாரிஸில், லா சப்பல் மெத்ரோ ரயில் வாசலிலேயே கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

நேராகச் சொல்கிறேன்: நீங்கள் செத்த பிறகும் உங்கள் மேல் எரிச்சல் தீரவில்லை. இவான் என் பட்டறைக் கூட்டாளி. யூகோஸ்லாவியாவில், குரோவேஷியாப் பக்கம், தன் ஊர்ப்பக்கமான சாகோர்யேயைப் பற்றி, ஆண்கள் செதுக்கப் பெண்கள் நிறம் தீட்டும் மரப் பொம்மைகளைப் பற்றி, கறுத்த மாதா கோவிலைப் பற்றி எனக்குத்தான் முதலில் சொன்னான். ஆனால் அங்கே போக அவன் காரில் ஏறியது நீங்கள். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு பாஸ்போர்ட். இலங்கையில் இருந்து வந்த என்னிடம் இருந்தது அகதி மனுவுக்குத் தந்த ஒரு தற்காலிகத் தாள். அதோடு எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது.

திரும்பி வந்து என்ன சொன்னீர்கள்? குருவியின் இறக்கை எப்படி அசைகிறது என்று கேட்டேன். "கவனிக்கலப்பா. ஆனா அழகா அடிக்குது." இயந்திரம் படித்தவனுக்குப் பற்றி எரிய வேறு என்ன வேண்டும்?

குருவியோடு கொண்டுவந்த அந்தச் சிவப்புத் தேன்மாவுப் பலகாரம், இதய வடிவில் சுட்டது, அதுவும் அப்படித்தான். நடுவில் சின்னக் கண்ணாடி, ஓரமெல்லாம் வெள்ளைப் பூவேலை. அங்கே அதைப் பிரியமானவர்களுக்குக் கொடுத்து, வருஷக்கணக்காய்ச் சுவரில் மாட்டி வைப்பார்களாம். நீங்களோ கோவிலில் வாங்கினது எல்லோருக்கும் என்று என் சுத்தியலால் உடைத்து, தேத்தண்ணியோடு நீட்டினீர்கள். இவான் தலையில் கைவைத்து, அது தின்பதற்கில்லை என்றான். "மாதா கோயில் பலகாரத்த சுவத்துல மாட்றதாவது," என்று அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தீர்கள். அவனும் கடித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். என் பேச்சுக்கு அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இப்போது குருவியைக் கழற்றிவிட்டேன். அச்சில் எதிரெதிரே இரண்டு மரமுளை. அவை இறக்கையின் அடியைத் தூக்கிவிடுகின்றன. அவ்வளவே. பொறாமை மட்டும் போகவில்லை. அழகு என்று சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்தது அச்சிலும் இல்லை, முளையிலும் இல்லை. அதைப் பார்க்க நானே போகவேண்டும். போன கிழமை என் பயணப் பத்திரம் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லத்தான் முதலில் டெலிபோனை எடுத்தேன்.

இனி:

1. நாளைக் காலை யூகோஸ்லாவிய விசாவுக்கு வரிசையில் நிற்பது.
2. இவானிடம் முன் சீட்டைக் கேட்பது. நீங்கள் பின் சீட்டில்தான் போனீர்களாம்.
3. மாதாவுக்கு உங்கள் பேரில் ஒரு மெழுகுதிரி. நான் சைவம், பிள்ளையார் கோவிக்கமாட்டார்.
4. உங்களைவிட ஒரு நாள் கூடுதலாக அங்கே நிற்பது.