அம்மைத் தழும்பும் பென்சிலும்

மதுரை,
12-7-1936

என் மனைவி ஷரீபாவுக்கு ஜலாலின் சலாம். ஆண்டவன் கிருபையில் நான் சுகமே. நீ சுகந்தானா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

ஸ்டூடியோவில் இப்போது எனக்கு முகம் திருத்தும் வேலை. கண்ணாடி நெகட்டிவில் பென்சிலால் தீட்டினால் அச்சில் குழிகள் மறைந்துவிடும். எங்களிடம் படம் எடுத்துக்கொண்ட ஒரு வாத்தியார் அதை வாங்க வருமுன்பே இறந்துபோனார். அவருடைய அம்மைத் தழும்புகளை ஒன்றுவிடாமல் மறைத்து வைத்திருந்தேன். அவர் சம்சாரம் பார்த்துவிட்டு, "இது யாரு தம்பி? எங்க வீட்டுக்காரரு முகம் இம்புட்டு வழுவழுன்னா இருந்துச்சு?" என்று அழுதுவிட்டார். முதலாளி முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

நல்லவேளை, நெகட்டிவைக் கத்தியால் சுரண்டியிருக்கவில்லை; சுரண்டினால் போனது போனதுதான். பென்சிலை டர்பன்டைனால் துடைத்துவிட்டு, தழும்புகளை விட்டுவைத்து, நிழலை மட்டும் லேசாகத் தணித்தேன். புதுப் படத்தை அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்து, "வந்துட்டாரு" என்றார். எனக்கும் உயிர் வந்தது.

பேரையூரிலிருந்து யாராவது வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. ஹோட்டல் சோறு இறங்கவில்லை. தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரம், முடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு என் படம் இரண்டு வைத்திருக்கிறேன். கன்னம் ஒட்டியது தெரியாமல் திருத்தியது அம்மாவுக்கு. பென்சில் படாதது உனக்கு.

ஜலால்