மார்ச் வரட்டும்

செப்டம்பர் 23, செவ்வாய்

என் முடி அலங்காரக் கடையில் இன்று நாலு தலை. மூன்று சுருள், ஒரு வெட்டு. எண்பத்தொரு வயது ஆர்லீன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே பழைய பாட்டைத் தொடங்கிவிட்டாள். “அறுபத்தஞ்சு வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிடி டார்லா. மெடிகேர் மட்டும் வந்துட்டா அப்புறம் நீ எங்க விழுந்தாலும் கவலையில்ல.” அந்த அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் இடுப்பெலும்பையே மாற்றிக்கொண்டவள், பேசுவாள். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் மழைக்கு அடுத்தபடி எல்லோரும் பேசுவது இதைத்தான்.

எனக்கு மார்ச்சில் அறுபத்தைந்து. என் புருஷன் லைல் முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்டபோது அவன் கம்பெனிக் காப்பீடு போயிற்று, அதில் ஒட்டிக்கொண்டிருந்த என்னுடையதும் போயிற்று. அவனுக்கு அறுபத்தைந்து ஆகியிருந்தது, மெடிகேர் வந்தது. அது ஆளுக்குத்தான், பெண்டாட்டிக்கு இல்லை. நானே தனியாக ஒன்று வாங்கிப் பார்த்தேன். கடை சம்பாதித்ததை எல்லாம் அது தின்றது, விட்டுவிட்டேன்.

குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. கொழுப்பாக இருக்கும்.

செப்டம்பர் 30

கொழுப்பு இல்லை. அசையவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 11, சனி

லூத்தரன் சர்ச் வாசலில் மார்புப் பரிசோதனை வண்டி வந்து நின்றது. இலவசம். சர்ச்சுக்குள் ஆர்லீனும் கூட்டாளிகளும் காபியும் லவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் என் காரை நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

போய்ப் பார்த்து, ஏதாவது இருந்துவிட்டால்? எழுத்தில் ஏறிவிடும். என் அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. எப்போதோ ஒரு டாக்டரிடம் மூச்சு இரைக்கிறது என்று சொன்னதை வைத்து அவளைக் காப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன் என்றார்கள். சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறியிருக்கலாம். சூடு கண்ட பூனை நான். மெடிகேரில் சேரும்வரை என் பெயரில் ஒரு வியாதியும் இருக்கக் கூடாது.

லைலிடம் சொல்லலாமா? சொன்னால் அந்த முதுகை வைத்துக்கொண்டு மறுபடி லாரி ஏறுகிறேன் என்பான். சர்ச்சுக்குப் போனவள் எனக்கு ஒரு ரொட்டிகூடக் கொண்டு வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான்.

நவம்பர் 27

நன்றி நாள் விருந்து. வான்கோழியை அடுப்பில் காயவிட்டுவிட்டேன். லைல் நல்லா இருக்கிறது என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். பொய்யன்.

டிசம்பர் 4, வியாழன்

நூலகத்தில் நோரீன் என்று ஒருத்தி, சம்பளம் இல்லாமல் மெடிகேருக்குப் பதிந்து தருகிறாள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினாள். உடம்பைப் பற்றிய கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன். முடிந்தது என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் கண்ணு. மார்ச் ஒண்ணுல இருந்து உனக்கு உண்டு.”

ஒருத்திக்கு ஏற்கெனவே ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், யாருக்கோ கேட்பதுபோல. நோரீன் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மெடிகேர் அதைக் கேக்கவே கேக்காது. அந்த ஒருத்தி சர்ச்சுக்கு வந்த வண்டிக்குப் போயிருந்து, அதுல ஏதாவது தெரிஞ்சிருந்தா, வைத்தியத்துக்கும் மாநிலத்துலயே வழி இருக்கு. காப்பீடு இல்லாத பொம்பளைங்களுக்குன்னுதான் அந்த வண்டியே வருது. இப்பவும் போன் பண்ணலாம். நம்பர் தரட்டுமா?”

சினேகிதியிடம் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 9

போன் பண்ணவில்லை. ஏன்டி? செலவு இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுத்தில் ஏறினாலும் ஒன்றும் இல்லை என்றும் தெரிந்துவிட்டது. அதெல்லாம் போனபிறகு மிச்சம் இருப்பது வெறும் பயம் — வேறு பெயர் வைத்துக் கூப்பிட முடியாத பயம்.

மார்ச் வரட்டும்.

ஜனவரி 17, சனி

மெடிகேர் அட்டை வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். லைல் அதைப் பிரித்து என்னைவிட நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரார் தலை எல்லாம் என் கையில், என் தலையெழுத்து இந்தத் துண்டு அட்டையில். மார்பில் இருப்பது இப்போது பட்டாணி இல்லை. கையைத் தூக்கிச் சுருள் சுற்றினால் அக்குள் வலிக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

லைல் தானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். இரண்டு வாரமாக என்றேன். மூலையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லைல் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “அக்டோபர்ல இருந்து இருக்கு, டாக்டர்.”

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் அவனே ஆரம்பித்தான்.

“தூக்கத்துல கை பட்டுச்சு. நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல.”

“தெரிஞ்சும் எப்படி லைல் வாயை மூடிட்டு இருந்த?”

“நீ எப்படி இருந்தியோ அப்படித்தான். மார்ச் வந்துடும்னு.”

வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி, சோளக்கட்டை வயலைப் பார்த்துக்கொண்டு குளிரில் நின்றேன். இவன் செத்துப்போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து மாதம் ஒரே படுக்கையில் ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் திட்டினேன், வீடு வரும்வரை.

மார்ச் 13, வெள்ளி

லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், புற்றுநோய்தான். அக்குளுக்கும் போயிருக்கிறது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு அறுவை சிகிச்சை. அக்டோபரிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்றாள் பெரிய டாக்டர்.

மார்ச் 19, வியாழன்

பிறந்த நாள். ஆர்லீன் சாக்லேட் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. “வந்துட்டியாடி, கிழவிங்க கூட்டத்துக்கு” என்று கட்டிக்கொண்டாள். வலிக்காமல் இருக்க கொஞ்சம் சாய்ந்து நின்றேன்.

அவள் போனபிறகு லைல் மறுபடி மெழுகுவர்த்தியைக் கொளுத்தினான். ஏதாவது வேண்டிக்கொண்டு ஊது என்றான். போன செப்டம்பரிலிருந்து நான் வேண்டியதெல்லாம் அறுபத்தைந்து சீக்கிரம் வர வேண்டும் என்றுதான். வயது ஏறட்டும், ஏறட்டும் என்று வருஷத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தாறு வேண்டும் என்றேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே கேட்டேன், அவன் காதுபட. இனி எதையும் அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளப் போவதில்லை. லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேக்கை வெட்ட ஆரம்பித்தான்.