ஊற்றுக்குழியில் மிதந்த வண்ணம்

அன்றைக்கு உன் அப்பாவின் முன்னால் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "எண்ணெய்னு முதல்ல சொன்னது நான்தானுங்க." சொல்ல வேண்டிய நேரத்தில் உன் முதுகுக்குப் பின்னால் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ரேஷன் கடை வாசலில் யாரோ மண்ணெண்ணெயைச் சிந்திவிட்டார்கள். முந்தின நாள் மழைத்தண்ணீரில் அது படர்ந்து, அந்த வாசனையோடு நீலமும் ஊதாவும் சுழன்றுகொண்டிருந்தன. குனிந்து ஒரு குச்சியால் கீறினேன். நிறங்கள் விலகின, மறுகணமே ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. நூலகத்து அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஈஸ்டர் விடுமுறைக்கு நீ சென்னையிலிருந்து மாரண்டஹள்ளிக்கு வந்தபோது, கையில் உன் ஆராய்ச்சிக்கான படங்கள் சுருட்டியபடி இருந்தன. மதியம் நூலகத்தைச் சாத்தியபின் வாசகர் மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் நாவல்களை வைத்து அழுத்தினாய். செயற்கைக்கோள் எடுத்த கடல். கறுநீலத்தில் நகத்தால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு.

"மூணு படத்தையும் பாரு. மூணும் வேற வேற மாசம். கப்பல் கொட்டின எண்ணெயா இருந்தா அடுத்த படத்துல இருக்காது, அலை அடிச்சுட்டுப் போயிரும். இதுல வால் மட்டும் காத்துக்கு ஏத்தாப்புல திரும்புது. தலை ஒரே எடத்துல நிக்குது."

"அப்படின்னா?"

"கடலுக்கு அடியில பூமி கசியுதுடீ."

கடலின் அடியில் ஒரு விரிசல். அதிலிருந்து துளித்துளியாக மேலே வந்து, தலைமுடியை விட மெல்லியதாகப் பரவும் எண்ணெய். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிற ஒரு இயந்திரம் அதை எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். "எண்ணெய் படிஞ்ச எடத்துல சின்ன அலை அடங்கிப்போகும். வெயில் அங்க வேற மாதிரி மின்னும். படத்துல விழறது அந்த அமைதிதான்" என்றாய். ஒரு கருவி அமைதியைப் படம் எடுக்கும் என்று நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு நீ, நிலத்தில் கசிந்தால் செடிகள் நோஞ்சானாகும், செம்மண்கூட வெளுத்துப்போகும், அதுவும் படத்தில் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாய். நான் படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன் உன் அப்பா அதே மேஜைக்கு வந்து, தன் கொல்லை நிலத்தின் ஊற்றுக்குழியில் தண்ணீர்மேல் மயில்கழுத்து நிறத்தில் ஏதோ மிதக்கிறது என்று சொல்லியிருந்தார். நான் ஒரு பழைய அறிவியல் இதழை எடுத்துப் புரட்டி, "கச்சா எண்ணெயா இருக்கலாமுங்க" என்றேன். போய்ப் பார்க்கக்கூட இல்லை. கலெக்டருக்கு மனுவும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாதென்று அவர் ஊற்றைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார். கோடையில் அந்த ஊற்றையே நம்பியிருந்த ஓடைக்கரை வீட்டுப் பெண்கள் ஏரிக்கு அப்பால் நடந்துபோய்த் தண்ணீர் சுமந்தார்கள்.

மறுநாள் காலை நாம் மூவரும் வேலிக்குள் நின்றோம். வெளியே குடங்களோடு நாலைந்து பெண்கள்.

"ஆகாசத்துல இருந்து பாத்தியே, நம்ம கொல்லை தெரிஞ்சுதாம்மா?" என்றார் உன் அப்பா.

"ஏரி தெரிஞ்சுதுப்பா. நம்ம கொல்லை அதுல ஒரு கடுகளவு."

"எண்ணெய்?"

வேறு படம் பார்த்துச் சொல்கிறேன் என்று நீ சமாளித்திருக்கலாம். அப்படிச் சொல்லிவிட மாட்டாயா என்று நான் ஏங்கினேன். நீ ஆவாரங்குச்சி ஒன்றை ஒடித்துத் தண்ணீரைக் கீறினாய். வண்ணப்படலம் அப்பளம்போல நொறுங்கி, துண்டுதுண்டாக மிதந்தது. காத்திருந்தோம். துண்டுகள் சேரவே இல்லை.

"எண்ணெயா இருந்தா திரும்பச் சேந்துக்கும்ப்பா. இது இரும்பு. தண்ணியில இருக்கிற இரும்பைத் தின்னு வாழற கிருமிங்க விடற ஆடை. வடிகட்டிட்டுக் குடிக்கலாம், ஒண்ணும் பண்ணாது."

வேலிக்கு வெளியே ஒரு பெண் குடத்தை இடுப்பு மாற்றினாள். "நாங்களும் இத்தினி வருசமா குடிக்கிறோமுங்க. எண்ணெயா இருந்தா ஒருத்தி தொண்டையிலயாவது வழுக்கியிருக்காதா?" சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தி விடவில்லை. "யாருங்க உங்களுக்கு எண்ணெய்னு சொன்னது?"

உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு."

அப்போதுதான் நான் பேசியிருக்க வேண்டும்.

"இன்னும் ஆழத்துல இருக்குமா?" என்று அவர் மெல்லக் கேட்டார். நீ பக்கத்துப் பாறையில் உள்ளங்கையை வைத்தாய். "எண்ணெய்ங்கறது எப்பவோ செத்துக் கடலடியில புதைஞ்ச உயிருங்கப்பா. ஆழம் முழுக்க இருக்கிற இந்தப் பாறை உண்டானப்ப, அப்படிச் சாகறதுக்குப் பெருசா ஒண்ணும் பொறக்கவே இல்லை."

எல்லோரும் அந்தப் பாறையைப் பார்த்தார்கள். தினமும் துணி துவைக்கிற பாறை. "அவ்வளவு பெரியவங்களா இவங்க!" என்று உன் அப்பா அதன்மேல் வைத்திருந்த காலை எடுத்துக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மதியத்துக்குள் வேலியை அவரே பிரித்துப் போட்டார்.

பஸ் ஏறும் முன் நீ கேட்டாய்: "மனு உன் கையெழுத்துதானே?" நான் தலையசைத்தேன். "படிச்சது தப்பில்லடீ. ஒரு குச்சி எடுத்துப் பார்க்காம சொன்ன பாரு, அதுதான். அப்பாகிட்ட நீயே சொல்லிடு." பிறகு கடல் படங்களில் ஒன்றை என் பையில் செருகினாய். அடுத்த வருடம் சென்னையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. படத்தில் நீ பென்சிலால் வட்டமிட்ட அந்த இடத்துக்கு யாராவது கப்பலில் போய்ப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. ஆனால் எதையாவது படித்து நம்பும் ஒவ்வொரு முறையும் என் கை ஒரு குச்சியைத் தேடுகிறது.

இன்று சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். உன் அப்பா கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார்.

"சொன்னது நீ. முள்ளு வெட்டிப் போட்டது நானாச்சேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். மடையைத் திருப்பப் போய்விட்டார். ஊற்றில் இரண்டு பெண்கள் குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.